என்.எஸ்.எஸ். பொறுப்பு வந்திருக்கிறது: பேரணி, குழுப் படம் தாண்டி ஊருக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

தகடூர் ஆசிரியை | சனி, இரவு 9:12

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அலகு, 100 மாணவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள்.

பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஒரு வார ஊர் முகாமுக்கு எல்லா ஆண்டும் ஏறக்குறைய ஒரே நிரல்தான். தொடக்க விழா, கோயில் வளாகத் தூய்மை, டெங்கு விழிப்புணர்வுப் பேரணி, மரக்கன்று நடுதல், கண் பரிசோதனை முகாம், நிறைவு விழா. ஆண்டுக்கு ஓர் ஊர். நட்ட கன்றுகள் என்ன ஆயின என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் எல்லாரும் வரிசையாக நிற்கும் படம்.

பிள்ளைகள் ஆசையோடுதான் வருகிறார்கள். அவர்களுடைய ஒரு வாரத்தையும் ஊர்க்காரர்களுடைய ஒரு வாரத்தையும் வீணாக்க எனக்கு மனமில்லை. திட்ட அலுவலராக இருந்தவர்கள், முகாமுக்குப் போனவர்கள், முக்கியமாக முகாம் நடந்த ஊரைச் சேர்ந்தவர்கள், என்ன பயன்பட்டது, எது வெறும் சடங்காகப் போனது என்று சொல்லுங்கள்.

புதுகையான் | சனி, இரவு 10:40

மேடம், நல்ல கேள்வியோடு ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன், திட்ட அலுவலராக இருந்தவன்.

முதலில் ஒன்று. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. விதிப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. ஆனால் நாம் எல்லாரும் முகாமைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த 120 மணி நேரம் வளாகத்தில் புல் செதுக்குவதிலும் விழா நாளில் நாற்காலி போடுவதிலும் கரைந்துபோகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள், நாற்பது வாரத்தில் 120 வந்துவிடும். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அது தாராளம். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அதுதான், முகாம் இல்லை.

இரண்டாவது, ஊரை மாற்றாதீர்கள். மாணவன் மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஊரும் ஆசிரியரும்தான் அங்கேயே இருப்பார்கள். போன ஆண்டு என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள். கல்லூரியிலிருந்து ஒரே பேருந்தில் போகக்கூடிய ஊராகப் பாருங்கள். தூரத்து மலைக்கிராமத்தில் முகாம் போட்டால் செய்தித்தாளில் படம் நன்றாக வரும், ஆனால் அடுத்த மாதம் யாரும் போக மாட்டார்கள்.

மூன்றாவது, நேரம். 1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நாங்கள் ஆசிரியர்கள் பலர் அதில் இருந்தோம். பெண்கள் ஊர் ஊராக சைக்கிள் பழகியதைப் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. எத்தனை மணிக்கு வகுப்பு என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. கல் உடைத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, எட்டு மணிக்கு மேல் வருகிறோம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அதுதான் பள்ளி நேரம். காலை பத்து மணிக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று குறைப்படும் முகாம்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மெக்கானிக்கல் மூன்றாமாண்டு | சனி, இரவு 11:25

நான் இதற்கு எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். மன்னிக்கவும்.

எங்கள் முகாமில் ஒரு குளத்தில் சீமைக் கருவேலம் வெட்டினோம். கையில் முள் குத்தி, வெயிலில் காய்ந்து, ஒரு மூலையைச் சுத்தம் செய்தோம். அடுத்த மாதம் ஒரு ஜேசிபி வந்து மீதி முழுவதையும் ஒரே நாளில் முடித்தது. வேரோடு எடுத்ததால் அது திரும்ப முளைக்கவில்லை. நாங்கள் வெட்டிய மூலையில்தான் மறுபடி துளிர்த்தது. அப்படியென்றால் எங்கள் உழைப்புக்கு என்ன அர்த்தம்?

உன்னத் பாரத் அபியானிலும் இருந்தேன். 2014இல் தொடங்கிய திட்டம், ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்கிறது, ஒரு கல்லூரி ஐந்து கிராமங்களையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் படித்தால் அருமை. பல்கலைக்கழகத்தின் அறிவு கிராமத்துக்குப் போக வேண்டும், கிராமத்தின் சிக்கல் பல்கலைக்கழகத்துக்குப் பாடமாக வர வேண்டும். எங்கள் கல்லூரியில் நடந்தது வீட்டுக் கணக்கெடுப்பு மட்டும். படிவத்தை நிரப்பி இணையத்தில் ஏற்றினோம். அதோடு சரி.

கூட்டித் துடைப்பதற்கு மாணவர்கள் எதற்கு? துறை சார்ந்த வேலையை மட்டும் செய்தால் போதும் என்பது என் கருத்து.

ஊராட்சி அக்கா | ஞாயிறு, காலை 6:50

தம்பி, அந்தப் படிவத்தை நிரப்பினது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். வார்டு உறுப்பினராக இருந்தேன். ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது சொல்லுங்கள் என்று மேடம் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரிய சாலைக்குப் பக்கம். அதனால் கல்லூரிக்காரர்களுக்கு வசதி. வேறு வேறு கல்லூரிகள் வந்து ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா, என்ன அடுப்பு, வருமானம் என்ன, குடிக்கிறவர் இருக்கிறாரா. கடைசிக் கேள்வியை மாமியார் முன்னால் ஒரு பெண்ணிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? எழுதிக்கொண்டு போனவர்கள், உங்கள் ஊரைப் பற்றி இதுதான் தெரிந்தது என்று ஒரு தாள்கூடத் திருப்பித் தரவில்லை. எங்களைப் பற்றிய கணக்கு எங்களிடம் இல்லை, யாருடைய அலமாரியிலோ இருக்கிறது.

பேரணி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேடிக்கை. நெகிழிப் பையை ஒழிப்போம் என்று கோஷம் போட்டார்கள். மதியம் சாம்பார் நெகிழிப் பையில் கட்டி வந்தது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

நல்லதும் நடந்திருக்கிறது. ஒரு முறை வந்த பிள்ளைகள் மாலையில் சும்மா உட்கார்ந்து பேசினார்கள். அப்போது ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்ததைச் சொன்னார். ஆதாரில் ஒரு பிறந்த ஆண்டு, குடும்ப அட்டையில் வேறு வயது. இரண்டு பெண்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தத் தாள் வேண்டும் என்று இ-சேவை மையத்தில் கேட்டு, பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்தி, திரும்ப விண்ணப்பித்தார்கள். முகாம் முடிந்த பிறகும் அதற்காகவே வந்தார்கள். பணம் வர ஆரம்பித்தது. பாட்டி இறக்கும் வரை அந்தப் பெண்களை "என் காலேஜ் பேத்திங்க" என்றுதான் சொன்னார்.

இன்னொன்று. அந்தப் பெண்கள் எங்கள் பத்தாம் வகுப்புப் பெண்களோடு தங்கிப் பேசியதில், பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போகலாம், பேருந்துச் சலுகை இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது என்று வீட்டில் வாதாடும் தைரியம் வந்தது. எந்தச் சிறப்பு விருந்தினர் பேசியும் அது வரவில்லை. தன்னைப் போலவே இருக்கிற ஒரு பெண், நாலு வயது மூத்தவள், வந்து பேசினாள், அதனால் வந்தது.

மெக்கானிக்கல் மூன்றாமாண்டு | ஞாயிறு, காலை 8:15

அக்கா, நீங்கள் சொன்ன உதவித்தொகை விஷயம் துறை சார்ந்த வேலையே இல்லை. ஆனால் நான் சொன்ன எதையும் விடப் பயன்பட்டிருக்கிறது. யோசிக்க வைத்துவிட்டீர்கள். துறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்த காரியம் முடியும் வரை கூட நிற்பதுதான் வேண்டும் போல.

கணக்கெடுப்பு முடிவைத் திருப்பித் தரவில்லை என்பது எங்களுக்கும் பொருந்தும். தரவு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. யார் வீடு என்று தெரியாதபடி தொகுத்து, தமிழில் ஒரு பக்கமாக அந்த ஊராட்சிக்குக் கொடுக்க முடியுமா என்று எங்கள் சாரிடம் கேட்கிறேன்.

நாலாமாண்டு வேளாண்மை | ஞாயிறு, காலை 10:02

எங்களுக்கு இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேளாண் இளநிலைப் பட்டத்தின் கடைசி ஆண்டில் ஊரக வேளாண் பணி அனுபவம், 'ராவே' என்போம். ஒரு வட்டாரத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். செய்தித்தாளில் "வேளாண் மாணவிகள் செயல்விளக்கம்" என்று ஓரமாக ஒரு செய்தி வருமே, அது நாங்கள்தான்.

போன புதிதில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கத் துடித்தோம். தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவது, மஞ்சள் ஒட்டும் பொறி, அசோலா என்று பட்டியல். ஊரில் எடுபட்டது என்னவோ சாதாரண உப்புக் கரைசல்தான். ஒரு வாளித் தண்ணீரில் கோழி முட்டையைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், அடியில் கிடக்கும் முட்டை மெல்ல எழுந்து மிதக்கும். அந்தப் பதத்தில் விதைநெல்லைக் கொட்டினால் சொத்தையும் பதரும் மேலே வந்துவிடும். அதை அள்ளிப் போட்டுவிட்டு, அடியில் தங்கிய நல்ல விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டும். காசு செலவில்லை, கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. தன் விதையில் இவ்வளவு மிதக்கிறதா என்று ஒரு பெரியவர் கையை விட்டு அள்ளி அள்ளிப் பார்த்தார். மறுநாள் பக்கத்து வயல்காரரைத் தானே கூட்டி வந்து செய்து காட்டினார், நாங்கள் ஓரமாக நின்றோம்.

எங்களுக்கு விடை தெரியாத கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வந்து சொன்னோம். பதிலோடு திரும்பிப் போனபோதுதான் எங்களை நம்ப ஆரம்பித்தார்கள்.

தங்கும் இடத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள் மேடம். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இரவில் தண்ணீர், விளக்கு. இது சரியாக இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே ஒரு வாரத்தை ஓட்டுவார்கள். யாரும் உங்களிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

கௌரவ விரிவுரையாளன் | ஞாயிறு, பிற்பகல் 2:30

எல்லாம் சரி. இதை யார் செய்வது என்பதையும் பேச வேண்டும்.

பல கல்லூரிகளில் வகுப்புச் சுமையில் பெரும்பகுதி எங்களைப் போன்ற தற்காலிக ஆசிரியர்களிடம். தொகுப்பூதியம். அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்பதே தெரியாது. ஒரே ஊர், பல ஆண்டு என்று புதுகையான் ஐயா சொல்வது நியாயம்தான், ஆனால் தொடர்ச்சிக்கு வேண்டிய ஆசிரியரே தொடர்ச்சியாக இல்லையே. நிரந்தர ஆசிரியருக்கும் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைதான் கணக்கில் முன்னால் வருகிறது. ஊரில் செலவிட்ட சனிக்கிழமை எந்தக் கட்டத்தில் வரும்?

மாணவர்கள் பக்கமும் பாருங்கள். என் வகுப்பில் பலர் மாலையில் துணிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ வேலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். 2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வழிகாட்டுதல் சமூக ஈடுபாட்டை இரண்டு கிரெடிட் பாடமாக வைக்கச் சொல்கிறது, அதில் பாதி களத்தில். கட்டாயமாக்கினால் களத்துக்குப் போக முடியாதவன் மதிப்பெண் இழப்பான், அல்லது கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வான். ஏழைப் பிள்ளையைச் சேவை செய்யச் சொல்லி அவனுடைய கூலியை எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

சின்னாளப்பட்டி | ஞாயிறு, மாலை 4:48

நீங்கள் சொல்லும் உறுத்தல் நியாயமானது, ஆனால் முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்குப் போகும் மாணவனுக்கு இது பாதகமாவது, சேவையைப் பாட நேரத்துக்கு வெளியே தள்ளும்போதுதான். பாட நேரத்துக்குள் கொண்டுவந்தால் அவனுடைய மாலை நேரத்தில் யாரும் கை வைப்பதில்லை.

நான் காந்திகிராமத்தில் படித்தவன். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கியது, 1956இல் கிராமிய நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே கிராமத்துக்குப் போவது படிப்பின் ஒரு பகுதி. ஆசிரியரோடு ஊரில் தங்குவோம். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்வார்கள், நாங்கள் போடக் கூடாது, ஊர்க்காரர்கள்தான் போட வேண்டும். அப்படி ஒரு நாள், ஆண்கள் வரைந்தபோது கோயில், சாவடி, ரேஷன் கடை, பால் சங்கம் எல்லாம் வந்தன. பெண்கள் வந்து அதே வரைபடத்தில் குழாயடியையும், இருட்டில் போக வேண்டிய முள்காட்டுப் பாதையையும் சேர்த்தார்கள். தெருவிளக்கு எங்கே வேண்டும் என்பது அதற்கப்புறம் விவாதமே இல்லாமல் தெரிந்துவிட்டது. வரைபடத்தில் காலனித் தெரு எங்கே, எவ்வளவு சின்னதாக வந்திருக்கிறது என்று பார்க்கவும் எங்கள் ஆசிரியர் கற்றுக்கொடுத்தார். முகாம் எந்தத் தெருவில் தங்குகிறது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறது என்பதையும் ஊர் கவனிக்கும். மேடம், இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொடர்ச்சி பற்றி: ஆசிரியர் மாறலாம், பதிவேடு மாறக் கூடாது. தேதி, சந்தித்தவர்கள், சொன்ன வாக்கு, நிறைவேறியதா. ஒரு நீளக்குறிப்பேடு போதும், அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும்.

கௌரவ விரிவுரையாளன் | ஞாயிறு, மாலை 5:20

பாட நேரத்துக்குள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நேரத்தை ஆசிரியரின் பணிச்சுமையில் கணக்கெழுத வேண்டும். அது நடக்கும் வரை இதைத் தனிமனிதர்களின் நல்ல மனதுதான் தூக்கிச் சுமக்கும், அந்தச் சுமை தெரியாமல் யாரும் பாராட்டிவிட்டுப் போகக் கூடாது.

தகடூர் ஆசிரியை | ஞாயிறு, இரவு 8:05

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

வேதியியல் துறை என்பதால் குடிநீர் சோதனை செய்யலாமா என்று ஓர் எண்ணம். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அது பல்லில் கறை பிடிக்க வைக்கும் என்பது ஊரறிந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குழாயில் வராத நாளில் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். பேசும்போது சிலர் உதட்டால் பல்லை மறைப்பதை வகுப்பிலேயே பார்க்கிறேன், பழுப்புக் கறை. இதை முகாமில் எடுக்கலாமா?

நீர் ஆய்வகம் | ஞாயிறு, இரவு 9:33

கட்டாயம் எடுங்கள். முகாமோடு நிறுத்தாதீர்கள், உங்கள் 120 மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று ஆண்டுதோறும் அதே கிணறுகளில் எடுத்தால்தான் அந்தத் தரவுக்கு மதிப்பு.

ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் புட்டி வேண்டாம், பாலித்தீன் புட்டி. அடிகுழாயைச் சில நிமிடம் அடித்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதே தண்ணீரால் புட்டியை மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். இடம், தேதி, ஆழம், யார் யார் குடிக்கிறார்கள் என்று புட்டியில் ஒட்டுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை. கல்லூரியில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் மாணவர்களே அளக்கலாம், செறிவுக்கேற்ப ஒளி உறிஞ்சப்படும் என்று அவர்கள் பாடத்தில் படித்த அதே பீர் (Beer) விதி. சந்தேகமான மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அளவீடு முதற்கட்டம்தான், அதை அப்படியே சொல்லுங்கள்.

கிருமித் தொற்றுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு புட்டி மலிவு. தண்ணீரை ஊற்றி வைத்தால், மலத் தொற்று இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். அறிக்கை படிக்காதவருக்கும் கறுத்த புட்டி புரியும். முகாமின் முதல் நாள் மாலை ஊற்றி, சாவடியில் வரிசையாக வைத்துவிடுங்கள், மூன்றாம் நாள் கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்.

வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். அவர்களோடு சேர்ந்து செய்தால், நீங்கள் போன பிறகும் சோதனை நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, செறிவு கூடத்தான் செய்யும். இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும். "உங்கள் தண்ணீர் கெட்டது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது பாவம். எந்தக் குழாய் குடிக்க, எது துவைக்க என்றாவது அன்றே சொல்லிவிட்டு வர வேண்டும்.

சட்டம் ஐந்தாமாண்டு | ஞாயிறு, இரவு 10:17

முடிவை எங்கே கொண்டுபோவது என்பதற்கு: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், உங்களுக்காகவே வைத்தது போல. மாணவர்கள் அந்த ஊர் வாக்காளர் இல்லையென்றால் தீர்மானத்தில் கலந்துகொள்ள முடியாது. அதனால் அறிக்கையை ஊர்ப் பெண்கள் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பிறகு நடவடிக்கை இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அக்கா சொன்ன ஆதார், உதவித்தொகை மாதிரி விஷயங்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. முகாமில் ஒரு மேசை போட்டு வருவார்கள்.

ஆய்வு மாணவர், திருச்சி | திங்கள், காலை 7:20

கிராமத்துக்குப் போக முடியாத மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. இளங்கலை முதல் இன்றுவரை ஒவ்வொரு தேர்விலும் நான் சொல்ல, இன்னொருவர் எழுதியிருக்கிறார். தேர்வுக்கு முந்தைய நாள் இரவு வரை ஆள் கிடைக்காமல் தவித்த பருவங்கள் உண்டு. அப்படி வருபவரை ஸ்க்ரைப் என்போம்.

உங்கள் அலகில் தேர்வெழுத வரக்கூடியவர்களின் பெயர், பாடம், எந்தத் தேதியில் வர முடியும் என்று ஒரு பட்டியல் வைத்துப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் கொடுத்தாலே எங்களுக்குப் பெரிய நிம்மதி. கொஞ்சம் பயிற்சியும் வேண்டும். கேள்வியை மதிப்பெண்ணோடு முழுதாகப் படிக்க வேண்டும். நான்கு விடைகளையும் ஒரே குரலில் படிக்க வேண்டும், சரியான விடை வரும்போது குரல் மாறக் கூடாது. பெயர்ச்சொல் வந்தால் எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு என்பது அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் போவது உண்டு, அதை எடுத்துச் சொல்லும் துணிவும் வேண்டும்.

பாடப்புத்தகத்தை இப்போது கைபேசியே வாசித்துவிடுகிறது. வரைபடமும் அட்டவணையும் மட்டும் இன்னும் திண்டாட்டம். ஒரு பொருளாதார வரைபடத்தை வார்த்தையில் விவரித்துத் தட்டச்சு செய்ய ஒரு மாணவருக்கு வீட்டில் அரை மணி நேரம் போதும். துணிக்கடை வேலை முடித்து வந்த தம்பியும் செய்யலாம்.

ரத்த வங்கி | திங்கள், காலை 9:05

சுருக்கமாக. தேசியத் தன்னார்வ ரத்ததான நாளான அக்டோபர் 1 அன்று எல்லாக் கல்லூரியும் ஒரே நாளில் ரத்ததான முகாம் வைத்தால் எங்களுக்கு இடமே இருக்காது. ஏப்ரல், மே விடுமுறையில் யாரும் இருக்க மாட்டார்கள். தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம். எனவே பெரிய முகாமைவிட ஒரு நல்ல பட்டியல் மேல். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத, ஹீமோகுளோபின் 12.5 உள்ளவர்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. மாணவிகள் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திரும்பிப் போகிறார்கள். அவர்களை அப்படியே அனுப்பிவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வையுங்கள், அதுவும் சேவைதான்.

தகடூர் ஆசிரியை | திங்கள், இரவு 9:40

இன்று முதல்வரிடம் பேசிவிட்டேன். கல்லூரியிலிருந்து ஒரே பேருந்தில் போகும் ஒரு சிற்றூர், எங்கள் மாணவிகள் சிலருடைய சொந்த ஊர். மூன்று ஆண்டுக்கு ஊரை மாற்றுவதில்லை என்று எழுத்தில் கேட்டேன், சம்மதித்தார். பேரணியை எடுத்துவிட்டேன். தொடக்க விழா வேண்டும் என்றார், அதை அரை மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறோம். முகாம் பிப்ரவரியில், அதன் முடிவு மார்ச் 22 கிராம சபைக்குப் போகும். அதற்கு முன்னால் சனிக்கிழமைகள். ஊரில் தங்க வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாதிரிகளை அளப்பார்கள், ஸ்க்ரைப் பட்டியலையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வருகிற சனிக்கிழமை நானும் நான்கு மாணவிகளும் மட்டும் போகிறோம். யார் யாருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்? அக்கா, எந்த நேரம் போனால் பெண்களோடு பேச முடியும்?

புதுகையான் | திங்கள், இரவு 10:11

இந்தச் சனிக்கிழமைக்குக் கடிதம் வேண்டாம், ஊராட்சித் தலைவர் அல்லது செயலரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும். முகாமுக்கு: ஊராட்சி, வட்டார வளர்ச்சி அலுவலர், தங்கும் பள்ளியின் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம். பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஒவ்வொருவரிடமும். எல்லாவற்றுக்கும் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

ஊராட்சி அக்கா | செவ்வாய், காலை 6:35

நூறு நாள் வேலை நடக்கிற நாளாக இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வேலை நடக்கும் இடத்துக்கே போங்கள் மேடம், மரத்தடியில் எல்லாரும் இருப்பார்கள். இல்லையென்றால் மாலை நான்கரைக்கு மேல், குழாயடி. பேனர் வேண்டாம், படிவம் வேண்டாம். உங்கள் மாணவிகளில் அந்த ஊர்ப் பெண் யாரோ, அவள் முன்னால் நடக்கட்டும். தண்ணீர் எந்த நாளில் வருகிறது, யார் வீட்டுக்கு எட்டுவதில்லை என்று கேட்டால் போதும், அப்புறம் அவர்களே பேசுவார்கள். தெருக்கோடி வரை போய்க் கேளுங்கள், கடைசி வீடுகளுக்குத்தான் தண்ணீர் வந்து சேராது.